பங்காளி மரங்கள்

அண்ணியின் முகம் வெந்துபோனதற்குக் காரணம் நான். இதைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் மரியாதை. அதற்குப் பிறகு விழுந்த சாவுகளுக்கும் நான்தான் காரணமா என்பதைப் படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் என் முடிவுக்கு வந்துவிட்டேன்.

வைகாசி பிறந்து மூன்றாம் நாள் காலை, பண்ருட்டிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் வெள்ளவாரிக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வாசலில் அண்ணன் கலியபெருமாள் நின்றுகொண்டிருந்தான். என் பையை வாங்கவில்லை. வா என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே கையைக் காட்டினான்.

அஞ்சலாட்சி அண்ணி வாழையிலையில் படுத்திருந்தாள். மூக்குத்தியை வைத்துத்தான் அது அண்ணி என்று கண்டுபிடித்தேன். இமைகள் இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. கன்னத்திலும் கழுத்திலும் கொப்புளங்கள் உடைந்து நீர் வடிந்து, அந்த நீர் ஓடிய தடத்தில் புதிய கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. உதடு இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு தடிப்பு இருந்தது. அதற்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"நாயகியா வந்திருக்கா? சாப்டாளான்னு கேளுங்க."

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கோபமும் வந்தது.

அந்த யோக்கியதையின் கதை இதுதான். என் பெயர் தில்லைநாயகி. 'பசுங்காவல்' என்ற கம்பெனியில் தாவர ஆராய்ச்சி செய்கிறேன். முந்திரிக்கொட்டையின் தோட்டில் ஓர் எண்ணெய் உண்டு. கையில் பட்டால் தோல் உரியும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த எண்ணெயைத் தோட்டிலிருந்து இலைக்குக் கொண்டுவந்தால் என்ன என்று எங்களுக்குத் தோன்றியது. கிளையைப் பிடித்து யாராவது உலுக்கினால் இலைக்கு அடியில் இருக்கும் நுண்ணிய பைகள் வெடிக்க வேண்டும். எண்ணெய் பனியாக இறங்க வேண்டும். திருடன் சொறிந்துகொண்டே ஓடிவிடுவான். வேலி வேண்டாம், நாய் வேண்டாம். காவல் மரம் என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்தது நான். என் சொந்த ஊரிலேயே நூற்று நாற்பது ஏக்கர் தோப்பைக் குத்தகைக்கு எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னதும் நான்தான். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வேறு.

எங்கள் ஊர்த் தோப்புகளில் ஒரு வழக்கம் இருந்தது. குத்தகைக்காரர்கள் கடைசிப் பறிப்பை முடித்ததும் தோப்பு வாசலில் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். அன்றிலிருந்து சருகுக்குள் கிடக்கும் கொட்டையை யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். கிளையில் தப்பித் தொங்குவதை உலுக்கியும் எடுத்துக்கொள்ளலாம். நிலமில்லாத வீடுகளுக்கு மழைக்காலம் வரை அடுப்பெரிவது அந்தப் பொறுக்கலில்தான். கம்பெனி கயிற்றை அவிழ்க்கவில்லை. ஜனங்கள் கயிற்றைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். முந்தாநாள் அப்படிப் போன நாற்பத்து மூன்று பேரில் ராசாங்கம் என்பவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே தொண்டை அடைத்துச் செத்துப்போனார். மற்றவர்கள் வீட்டுக்கு வீடு வாழையிலையில் கிடந்தார்கள்.

"ஒன் மரந்தானே?" என்றான் அண்ணன்.

"ஆமாண்ணே."

"போன வருசமும் இதே தோப்புலதான் பொறுக்கினோம். நானும் போனேன். அப்ப ஒரு மசுரும் ஆவலையே. கம்பெனி மரம் பொய் மரம்னு சிரிச்சிக்கினு வந்தோம். இந்த வருசம் மட்டும் என்னத்த ஊத்தி வளத்தீங்க?"

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அண்ணன் முப்பது வருடமாக முந்திரிக்கொட்டை வறுக்கிறவன். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் மடையன் இல்லை.

"மரம் மாறல அண்ணே. ஒங்க ஒடம்புதான் மாறிடுச்சு. தோட்டு எண்ணெய் ஒங்களுக்குப் பழகிப்போச்சு, இலையில வச்சது கொஞ்சம் வேற; மொத தடவ பட்டா ஒண்ணும் செய்யாது. ஒடம்பு அத அடையாளம் பாத்து வச்சிக்கும். ரெண்டு வாரமோ மூணு வாரமோ உள்ளுக்குள்ள ஆள் சேத்துக்கும். அடுத்த தடவ பட்டா, எண்ணெய அடிக்கிறேன்னு சொல்லி தன்னோட தோலையே போட்டு அடிக்கும். அண்ணி மூஞ்ச வேவிச்சது எண்ணெய் இல்ல. அண்ணியோட ரத்தந்தான்."

வெளியே பக்கத்து வீட்டில் யாரோ வலியில் ஊளையிட்டார்கள்.

"அப்ப இனிமே முந்திரிக்காட்டுக்கே போவக் கூடாதுங்கிற."

"முந்திரி மட்டுமில்ல. மாமரம், சேங்கொட்டை, ஒதியமரம் எல்லாம் ஒரே வகையறா. எல்லாத்துக்கும் பட்டைக்குள்ள பிசின் ஓடுற குழா இருக்கு, எண்ணெயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சேங்கொட்டைப் பாலால வண்ணார் துணியில குறி போடுவாங்களே, அது பட்டா எப்பிடிப் பொத்துப்போவும்? மாங்காய்க் காம்பக் கிள்ளினா பால் தெறிச்சு சில பேருக்கு வாயோரம் புண்ணாவும் இல்ல? அதெல்லாம் இதுக்குப் பங்காளிங்க. பங்காளி வீட்டுல சாவு விழுந்தா நமக்கும் தீட்டுதானே? அந்த மாதிரி. முந்திரியால கெட்ட ஒடம்புக்கு மாங்காயும் ஆவாது."

"இத ஏன் போன வருசமே வந்து சொல்லல?"

அண்ணன் சாதாரணமாகத்தான் கேட்டான். நானும் சாதாரணமாக, "அப்ப தெரியலண்ணே" என்றேன்.

அது பொய். எனக்குத் தெரியும். இந்தத் துறையில் காலை வைத்த எவருக்கும் தெரியும். முதல் ஆண்டு அறிக்கையில் "அத்துமீறி நுழைந்தோர் எவருக்கும் பாதிப்பு ஏதும் இல்லை" என்று எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டது நான். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைக் காட்டித்தான் கம்பெனி இரண்டாம் ஆண்டுக்கு அனுமதி வாங்கியது. ஊருக்கு வந்து, இன்னொரு தடவை உள்ளே போகாதீர்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அனுமதி போயிருக்கும். அதனால் சொல்லவில்லை.

அன்று முற்பகல் தனவேலைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

தனவேல் அண்ணியின் தம்பி. தோப்பில் காவல்காரன். காவல்காரர்கள் மட்டும் வாரம் ஒருமுறை நாக்குக்கு அடியில் சொட்டு மருந்து விட்டுக்கொள்வார்கள். அதே எண்ணெயைத் துளித்துளியாக உள்ளே கொடுத்து உடம்பைச் சமாதானப்படுத்தும் மருந்து அது. முதல் தடவை மரத்தைத் தொடுவதற்கு முன்பே ஆரம்பித்து மாதக்கணக்கில் கொடுத்தால்தான் பலிக்கும். அக்காவைப் பார்க்க வந்தவனைத்தான் பஸ் நிறுத்தத்தில் மடக்கியிருக்கிறார்கள். கொட்டை காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் அவனை முட்டி போட வைத்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் முந்தாநாள் வீட்டில் யாரையாவது வாழையிலையில் கிடத்தியவர்கள்.

ராசாங்கத்தின் மருமகன் கைகளில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஒரு கொத்து இலையைக் கொண்டுவந்தான். காவல் மரத்து இலை.

"தேயிடா இவன் மூஞ்சில!"

தேய்த்தார்கள். கன்னத்தில், கண்ணில், வாயைப் பிளந்து பல்லில். தனவேல் திமிறினான். இலைப்பால் அவன் தாடையில் வழிந்தது. பிறகு எல்லாரும் விலகி நின்று காத்திருந்தார்கள். சுட்டுப்போட்ட பனங்கிழங்கு ஆறுவதற்குக் காத்திருப்பதுபோல் அவ்வளவு பொறுமையாக. கொஞ்ச நேரம் கழிந்தது. ஒன்றும் ஆகவில்லை. முகம் சிவக்கக்கூட இல்லை.

அந்த வெறும் முகம்தான் அவர்களுக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது. கொப்புளம் கிளம்பியிருந்தால் விட்டிருப்பார்கள் என்று இப்போதும் நம்புகிறேன்.

"பாத்தியா! பாத்தியா! இவனுக்கு மட்டும் ஒண்ணும் ஆவல! ஊரையே வித்துட்டு இவன் மட்டும் மருந்து குடிச்சிக்கினான்!"

"மாமா, எனக்குக் குடுக்கச் சொன்னாங்க, குடிச்சேன். இது இப்பிடி ஆவும்னு எனக்குத் தெரியாது மாமா!" தனவேல் என் அண்ணனைப் பார்த்துத்தான் கத்தினான்.

அண்ணன் கையில் வறுவல் கம்பி இருந்தது. டிரம்மில் கொட்டை கிளறுகிற நீளமான இரும்புக் கம்பி. அவன் அதை ஓங்கியதை நான் பார்த்தேன். ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என்னை உதறிவிட்டு அடித்தான். முதல் அடி தனவேலின் தோளில் விழுந்தது. தடுக்கத் தூக்கிய இடது கையில் இரண்டாவது விழுந்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டாக மடங்கியதை எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகு மற்றவர்கள் காலால் உதைக்க ஆரம்பித்தார்கள். விலாவில் உதைக்கும்போது வருகிற சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர்கள் ஓய்ந்த பிறகு நானும் இன்னொரு பெண்ணும் அவனை இழுத்துக்கொண்டு போய் எங்கள் வீட்டுக் கூடத்தில், அவன் அக்காவுக்குப் பக்கத்தில் கிடத்தினோம். கண் திறக்க முடியாத அண்ணி, தம்பியின் மூச்சை வைத்து அவனை அடையாளம் கண்டுகொண்டாள். கையால் துழாவி அவன் முகத்தைத் தொட்டாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆவலியாடா? நல்ல வேளை" என்றாள்.

சாயங்காலம் களத்தில் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். மறுநாள் காலை தோப்பைக் கொளுத்துவது.

நான் போய் நின்றேன். பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று யாரோ சொன்னார்கள். கம்பெனிக்காரிக்கு என்ன வேலை என்று இன்னொருவர் திருத்தினார்.

"கொளுத்தாதீங்க. புகையில அந்த எண்ணெய் இருக்கும். தோல்ல பட்டதுக்கே இப்பிடி. உள்ள போனா நெஞ்சு வெந்துபோவும்."

அண்ணன் சிரித்தான். அன்று அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"கொட்டைய ஏன் வறுக்கிறோம்? சொல்லு. பச்சக் கொட்டைய ஒடச்சா கை பொத்துப்போவும். நெருப்புல போட்டா பால் செத்துப்போவும். அப்புறம் உள்ள இருக்கிற பயிற எடுத்து வாயில போட்டுக்கலாம். முப்பது வருசமா பால நெருப்புல சாவடிச்சிக்கினு இருக்கேன். எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"பால் சாவல அண்ணே! டிரம்முல கொஞ்சம் வழிஞ்சு வெளியே ஓடுது. மிச்சம் புகையாப் போவுது. அதான் வறுக்கும்போது காத்துக்கு எதுர நிக்க மாட்டேங்கிறீங்க."

"அதேதான் நானும் சொல்றேன். காலையில மேக்காத்து. புகை கெழக்க, ஒன் கம்பெனிக் கொட்டாய் பக்கம் போவும். கடல் காத்து திரும்ப மதியத்துக்கு மேல ஆவும். அதுக்குள்ள வேல முடிஞ்சிடும்."

"எவ்வளவு நேரத்துல முடியும்?"

"ஒரு ஈடு அர மணி நேரம். இது பெரிய ஈடு. ரெண்டு மணி நேரம் வச்சிக்கோ."

நூற்று நாற்பது ஏக்கரை அவன் ஒரு டிரம்மாகப் பார்த்தான். களத்தில் இருந்த அத்தனை பேரும் வறுவல்காரர்கள். அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். நெருப்பைப் பற்றித் தெரியாதவர்களாக இருந்திருந்தால் பயந்திருப்பார்கள்.

நான் விடவில்லை. போலீசுக்குச் சொல்வேன் என்றேன். அண்ணன் என்னை அறைந்தான். சின்ன வயதில்கூட அவன் என்னை அடித்தது கிடையாது. வாயில் ரத்தம் வந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் போன வருடமே தெரியும், இப்போது சொல்வதையாவது நம்பு என்று காலில் விழுந்திருக்கலாம். சொன்னால் இந்தக் கம்பி என் மண்டையில் இறங்கும் என்று பயந்தேன். ஆமாம், பயந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

போலீசுக்குப் போன் செய்தேன். தீயணைப்பு நிலையத்துக்கும் செய்தேன். காலையில் வருகிறோம் என்றார்கள். ஊர்க்காரர்கள் விடிவதற்குள் தார்ச்சாலையில் இரண்டு புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். கம்பெனிக் கொட்டகைக்கும் சொன்னேன். அவர்கள் மட்டும் சொன்ன சொல்லைக் கேட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

காலை ஏழு மணிக்கு வைத்தார்கள். முந்திரித்தோடு நிரப்பிய மூட்டைகளை மேற்கு ஓரத்து மரங்களுக்கு அடியில் வரிசையாகப் போட்டு நெருப்பு வைத்தார்கள். அந்தத் தோடு எரிகிற வேகத்தை எங்கள் ஊர்க்காரனிடம்தான் கேட்க வேண்டும். மரங்கள் முதலில் சீறின. சூட்டில் கிளைகள் ஆட, இலைப்பைகள் வெடித்து எண்ணெயை உமிழ, உமிழ்ந்த எண்ணெய் காற்றிலேயே பற்றிக்கொண்டது. என் மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் கொடுத்த ஆயுதத்தாலேயே கொழுந்துவிட்டு எரிந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். ராசாங்கத்தின் மருமகன் அழுதுகொண்டே ஆடினான். மேல்காற்று புகையை ஒழுங்காகக் கிழக்கே கொண்டுபோனது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை.

ஒன்பது மணிக்கும் எரிந்தது. பதினொன்றுக்கும் எரிந்தது. பாதித் தோப்புகூடத் தீரவில்லை. காற்று நின்றது. பன்னிரண்டரை மணிக்கு முதுகில் இருந்த வேர்வை காய்ந்து முகத்தில் குளிர்ச்சி பட்டது. கோடையில் எங்கள் ஊரில் எல்லாரும் அந்தக் குளிர்ச்சிக்காகத் தவம் கிடப்பார்கள். கடல்காற்று.

புகை நிமிர்ந்தது. பிறகு எங்கள் பக்கம் படுத்தது.

"ஏரிக்கரைக்கு ஓடுங்க! வடக்க! வடக்க!" என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினேன். நானும் சோதனைக்கூடத்தில் சொட்டு மருந்து குடித்தவள். புகைக்குள் என்னால் நிற்க முடிந்தது. அதனால்தான் இதையெல்லாம் என்னால் சொல்லவும் முடிகிறது. மஞ்சள் கலந்த கறுப்பில் தெரு மறைந்தது. முதலில் இருமல் கேட்டது. பிறகு இருமலும் நின்று, மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் வீடு வீடாகக் கேட்டது. வாசலில் ஒரு பெண் தன் கழுத்தைத் தானே பிறாண்டிப் பிறாண்டி ரத்தமாக்கிக்கொண்டிருந்தாள். களத்தில் ஆடிய மருமகன் நாக்கு வீங்கி வாய்க்கு வெளியே தள்ள, கையால் அதை உள்ளே திணிக்கப் பார்த்தான். நான் அவனைப் பிடித்து இழுத்தேன். பத்தடி வந்திருப்போம். கனத்துப்போனான்.

தெருக்கோடி மாடிவீட்டுக்காரர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடியில் நின்று பார்த்தார்கள். இரண்டு இருமல் இருமினார்கள், அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் யாரும் என்றைக்கும் குனிந்து கொட்டை பொறுக்கியதில்லை. போன வருடம் குனிந்தவர்களை மட்டும் புகை ஆள் தெரிந்து பிடித்தது.

வீட்டுக்குள் ஓடினேன். அண்ணி படுத்திருந்த இடத்தில் வாழையிலை மட்டும் கிடந்தது. பின்வாசல் வழியாக ஏரிப் பக்கம் பார்த்தேன். தனவேல் போய்க்கொண்டிருந்தான். உடைந்த கையைத் துண்டால் மார்போடு கட்டி, மற்றத் தோளில் அக்காவை மூட்டையாகப் போட்டுக்கொண்டு, விலா வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நடந்தான். கரையில் அவளை இறக்கி, ஈரத்துணியை முகத்தில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். முகத்தில் ஒரு தழும்பும் இல்லை.

"மேடம், மாமா எங்க?" வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

"வறுவல் கொட்டாய் பக்கம் இருந்தாரு. நீ போவாதடா, ஒன் நெலமை…"

"எனக்குத்தான் ஒண்ணும் ஆவாதே" என்றான். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அண்ணன் டிரம்முக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். கழுத்து தாடையோடு சமமாக வீங்கியிருந்தது. கண் மட்டும் எங்களைப் பார்த்தது. மூச்சு நூலாக உள்ளே போய் வந்தது. தனவேல் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். நான் அவன் நெஞ்சைப் பிசைந்தேன். அண்ணனின் கை மேலே வந்தது. துழாவி, தனவேலின் கட்டுப்போட்ட கையைக் கண்டுபிடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"கைய விடு மாமா. வலிக்குது" என்றான் தனவேல்.

அண்ணன் விடவில்லை. செத்த பிறகும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் விரல்களைப் பிரித்தோம்.

புகையில் செத்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். எங்கள் பக்கம் பிணத்தை எரிப்பதுதான் வழக்கம். சுடுகாட்டில் விறகு அடுக்கிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முழுவதும் மாங்கட்டை. ஊரில் வேறு விறகு கிடையாது. மாவை விட்டால் முந்திரி. தப்பிப் பிழைத்தவர்கள் சுற்றி நின்றார்கள். அந்தப் புகையும் இவர்களுக்கு ஆகாது என்று எந்த வாயால் சொல்வது என்று நான் தவித்தேன். கண் பாதி திறந்திருந்த அண்ணி முன்னால் வந்தாள்.

"அதுவும் பங்காளிதானே, நாயகி? நீ அன்னிக்குச் சொன்னியே, கேட்டுக்கினுதான் இருந்தேன்." பிறகு ஆண்களைப் பார்த்து, "பொதைங்க" என்றாள்.

புதைத்தார்கள். வீட்டு நிலையில் கட்டியிருந்த மாவிலைத் தோரணங்களை அன்றே நானும் தனவேலும் தெருத்தெருவாகப் போய் அறுத்தோம்.

கருமாதி முடிந்த மறுநாள் டவுனில் விசாரணை. அண்ணி என்னோடு வந்தாள். உள்ளே கூப்பிடும் வரை வெளியே மரபெஞ்சில் உட்கார வைத்தார்கள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். முந்தின இரவு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். எனக்குப் போன வருடமே தெரியும் என்பதை. "நாளைக்கு அங்க போயும் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பருத்த உடம்பு, நிதானமான பேச்சு. என்னை உட்காரச் சொன்னார்.

"முதல் ஆண்டு அறிக்கையில கையெழுத்துப் போட்டது நான்தாங்க" என்றேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு எழுதினேன். ஒண்ணும் ஆகாம இருக்கறதுதான் அதோட ஆரம்பம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதினேன். அதைப் பதிவு பண்ணிக்குங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க துக்கம் புரியுதும்மா. அண்ணனைப் பறிகொடுத்திருக்கீங்க. மனசு இப்படித்தான் பழியைத் தன்மேல போட்டுக்கும். ஆனா நாங்க கண்ணால பார்க்கறதைத்தானே எழுத முடியும்? அன்னைக்குச் சாயந்திரம் அந்தப் புகை இங்க டவுன் பூரா வந்து மூடுச்சு. ரெண்டு நாள் கலையல. பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், மார்க்கெட்டு, எல்லாம் புகைதான். நானும்தான் குடிச்சேன். என் சம்சாரம், பிள்ளைங்க எல்லாரும் குடிச்சாங்க. ஒருத்தருக்குத் தும்மல்கூட வரல. மரத்துல விஷம் இருந்தா எங்களை மட்டும் விட்டுடுமா? நெருப்பு வெச்சது ஊர்க்காரங்க, செத்தது மூச்சு முட்டி. கேஸ் அவ்வளவுதான்."

நான் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாள் ஆகுதுங்க?"

"என்னது?"

"புகை வந்து."

"நீங்கதான் சொல்லணும். பதினாறு, பதினேழு நாள் இருக்கும்."

பதினாறு நாளாக ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் நடந்துகொண்டிருந்தவளுக்குப் புகை ஊரோடு நின்றுவிடாது என்ற நினைப்பே வரவில்லை. கடல்காற்று மேற்கே அடிக்கும். மேற்கேதான் டவுன். இரண்டு வாரமோ மூன்று வாரமோ உடம்பு உள்ளுக்குள் ஆள் சேர்க்கும் என்று அண்ணனுக்குச் சொன்னதும் நான்தான்.

ஆபீஸ் உதவியாளர் தட்டு கொண்டுவந்து வைத்தார். மாம்பழத் துண்டுகள், தோலோடு நீளவாக்கில் அரிந்தவை.

"எடுத்துக்குங்க. இந்த வருஷம் சீசன் தள்ளிப்போச்சு. நேத்துதான் மார்க்கெட்டுக்கு வந்திருக்கு. நானே இப்பத்தான் முதல் பழம் சாப்பிடறேன்."

"சாப்பிடாதீங்க ஐயா. அது முந்திரியோட…"

"எனக்கு சுகர் இல்லம்மா" என்று சிரித்தார். ஒரு துண்டை எடுத்து, தோலைப் பல்லால் ஒட்டச் சுரண்டிச் சாப்பிட்டார். இன்னொன்று எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே என் வாக்குமூலத்தில் எந்த வரியை நீக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது துண்டில் பேச்சு தடுமாறியது. புறங்கையால் உதட்டோரத்தைத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"என்ன பழம்மா இது? லேசா அரிக்குதே."

நான் எழுந்து தட்டை அவர் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெஞ்சில் அண்ணி இல்லை. எதிரே ஒரு மாம்பழ வண்டி வந்து நின்றிருந்தது. அவள் எழுந்துபோய்த் தள்ளி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வண்டிக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரிசையாக வண்டிகள். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் நின்று பேரம் பேசி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.